நைனா சொன்ன டாக்டர் சீட்டு

என் நைனா பொய் சொன்னார். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னார். பால் ஊற்ற வந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அந்தப் பொய்யால் அவருடைய சொந்த சிநேகிதருக்குக் காலில் இரண்டு விரல் போனது. இதை எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுதிக்கோ, எனக்கு இன்னா" என்றார்.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஐந்தாவது வரைக்கும் தமிழில் படித்தேன், அப்புறம் தெலுங்கு மீடியம், இன்டரில், அதாவது பிளஸ் டூவில், இங்கிலீஷ். என் தமிழ் இவ்வளவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நைனாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, நாலு மாடு. தினமும் காலையில் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு பால் சென்டருக்குப் போவார். ஊர் நியாயம் எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

நான் டாக்டராக வேண்டும் என்று நைனா ஆசைப்பட்டார். நானும்தான். நீட் இரண்டு தரம் எழுதினேன். அந்த இரண்டு வருஷமும் அவர் தீவனம் வெட்டும் மோட்டாரை நான் படிக்கும் நேரத்தில் போடவே இல்லை. சத்தம் வரும் என்று அரிவாளை வைத்துக்கொண்டு கையாலேயே வெட்டினார். நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையில் இருந்த காய்ப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு டாக்டர் சீட்டு கிடைத்தால் திருமலைக்கு நடந்து ஏறி மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு முடியும் தாடியும் வளர்த்தார். எதிர்வீட்டு மாமா அவருக்குப் பால்ய சிநேகிதர். மச்சான் மச்சான் என்றுதான் இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். "இன்னா மச்சான், பசங்க உன்னப் பார்த்து அழுவுதுங்க, சீக்கிரம் மொட்ட போடு" என்று மாமா தினமும் சீண்டுவார். நைனா தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

இரண்டாம் தரமும் வரவில்லை. நான் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. நைனா கதவைத் தட்டவில்லை. பங்கனப்பள்ளி மாம்பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து வாசப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எறும்பு வந்துவிட்டால் வேறு தட்டு வைப்பார்.

நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டது நானேதான். வேறு வழி இல்லாமல் போட்டதாக யாராவது நினைத்தால் அது தப்பு. அதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் வந்தார். மீதி நேரம் முழுக்க நர்சுகள்தான். அந்த மீதி நேர வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது நான் டாக்டராகப் போகிறவன்.

திருப்பதியில் ஒரு காலேஜில் பி.எஸ்சி நர்சிங் சீட்டு வந்தது. மாட்டுக் கொட்டகையில் வைத்து நைனாவிடம் சொன்னேன்.

"இது எத்தினி வருசம்?"

"நாலு."

"ஊசி போடுவியா?"

"போடுவேன் நைனா."

"வலிக்காம போடு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் காணோம். சாயங்காலம் தலையும் முகமும் மழுமழு என்று, கையில் லட்டுப் பையோடு வந்து நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நைனா, நீ வேண்டிக்கினது டாக்டருக்கு. இது நர்ஸ் சீட்டு."

"சாமிகிட்ட சொல்லிட்டேன் இது நர்ஸ் சீட்டுன்னு. அவருக்கு ஒண்ணும் இல்ல. நீ சும்மா இரு."

நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் சந்தோஷமாக இருந்தார். அதனால்தான் மறுநாள் நடந்ததை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

மறுநாள் முழங்கால் வலி என்று கேனைத் தூக்க என்னையும் பால் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமாதான் முதலில் பார்த்தார்.

"யோவ் மொட்ட! சீட்டு வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சு."

"எங்க?"

"திருப்பதியில."

"டாக்டரு சீட்டுதான?"

நைனா கேனை இறக்கி வைத்தார். மூடியைத் திறந்து பாலைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அதற்குமேல் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மொட்டைத் தலையை விடப் பெரிய அத்தாட்சி கிடையாது. வேண்டுதல் இன்னது என்று எல்லாருக்கும் தெரியும். மொட்டை போட்டாகிவிட்டது என்றால் அது நிறைவேறிவிட்டது. சாமியிடம் நர்ஸ் என்று சொன்ன மனுஷன் பால் சென்டரில் டாக்டர் என்று சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் பொய் தானாகவே வளர்ந்தது. நைனா டிவிஎஸ் வண்டியின் முன்னால் சிவப்பு பிளஸ் குறி ஸ்டிக்கர் ஒட்டினார். இரண்டு பால் கேன், நடுவில் ஒரு புல்லுக்கட்டு, முன்னால் டாக்டர் ஸ்டிக்கர். நகரி ரோட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "மாட்டு டாக்டரா?" என்று கேட்டாராம். இதை நைனாவே வந்து சொல்லிச் சிரித்தார். நான் லீவுக்கு வந்தால் ரத்த ரிப்போர்ட்டோடு ஆட்கள் நிற்பார்கள். "நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்பேன். "இன்னும் படிச்சு முடிக்கல, அதான் அடக்கமா பேசறான்" என்பார் நைனா.

காலேஜில் நான் நன்றாகவே இருந்தேன். ஆள் படுத்திருக்கும்போதே அவரைப் புரட்டிப் போர்வை மாற்றுவது, நரம்பு கிடைக்காத கையில் நரம்பு தேடுவது, பயத்தில் கத்துகிறவரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் கற்றுக்கொண்டேன். மலை ஏறும்போது மயங்கி விழுந்த தமிழ்நாட்டு ஆட்கள் வருவார்கள். தெலுங்கு புரியாமல் முழிப்பார்கள். "எங்க வலிக்குது?" என்று நான் கேட்டால் போதும், பாதி வலி போனது மாதிரி கையைப் பிடித்துக்கொள்வார்கள். வார்டில் ஆண் நர்சை பிரதர் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்தது.

மூன்றாம் வருஷம் பரீட்சை என்று மூன்று வாரம் ஊருக்குப் போகவில்லை. போன அன்றைக்கு மாமா எங்கள் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். "வா மாப்ள, உனக்காகத்தான் காத்துக்கினு கீறேன்" என்று காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். மஞ்சள் அப்பியிருந்தது. அதற்கு அடியில் இரண்டு விரல் கறுப்பாக இருந்தது. நாற்றம் வந்தது. மாமாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. தோப்பில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, கால் மரத்துப்போயிருந்தது.

"எப்போ குத்துச்சு மாமா?"

"ஆவுது இருவது நாளு. மச்சான்கிட்ட சொன்னேன். மாப்ள வருவான், வந்து பார்ப்பான்னாரு."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அப்போதே ஆட்டோ பிடித்துப் புத்தூர் போனோம். அங்கே வேண்டாம் என்று திருப்பதிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். முதல் வாரமே வந்திருந்தால் விரல் நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யாரையும் திட்டவில்லை, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

எனக்கு அந்த மாதம் மாமா படுத்திருந்த ஆண்கள் சர்ஜரி வார்டில்தான் டியூட்டி. மூன்றாம் நாள் காலையில் வெள்ளை யூனிபார்மில் மாமாவுக்குப் பெட்பேன் வைத்தேன்.

"இன்னா மாப்ள, நீ இதெல்லாம் பண்ற? ஆளுங்க இல்லியா?"

"நான்தான் மாமா அந்த ஆளு. நான் நர்சுக்குப் படிக்கிறேன்."

"டாக்டருக்கு?"

"இல்ல. எப்பவும் இல்ல."

மாமா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல அத எடுத்துக்கினு போ, நாறுது" என்றார். கொட்டிவிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். "அப்போ மச்சான் மொட்ட போட்டது?" என்றார்.

"நர்ஸ் சீட்டுக்குத்தான் போட்டாரு. சாமிகிட்ட சொல்லிட்டாராம்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சாமிய ஏமாத்தல, எங்களதான் ஏமாத்திக்கீறான், திருட்டுப் பய."

அந்த நேரம் நைனா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துக் கட்டில் காளஹஸ்திக்காரர் என்னைக் காட்டி யார் என்று தெலுங்கில் கேட்டார். மாமா நைனாவைப் பார்த்துக்கொண்டே, "மா ஊரி டாக்டர்", எங்க ஊர் டாக்டர், என்றார். எனக்குத் தலை சூடாகிவிட்டது. "டாக்டர் இல்லை, நர்ஸ்" என்று தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நைனா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உட்ரா மாப்ள" என்றார் மாமா.

"உன் வெரலு போச்சு மாமா."

"போனது என் வெரலு. உனக்கு இன்னா? நான் ஊர்ல சொல்ல மாட்டேன். மச்சான் தல குனியக் கூடாது."

நைனாவை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு போன் போட்டிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருப்பேன். ஏன் போடல?"

"போன் போட்டா மாமாகிட்ட குடுன்னு சொல்லுவ. நீ உண்மைய சொல்லிடுவ."

"நர்சுன்னா உனக்கு அவ்ளோ வெக்கமா?"

"எனக்கு இன்னாடா வெக்கம்? ரெண்டு வருசம் நீ தலயத் தூக்காம நடந்த. சோறு துன்னல. இவனுங்க எதுனா சொல்லி திருப்பியும் கதவ சாத்திக்கினா நான் இன்னா பண்றது?" டீயைக் குடிக்கவே இல்லை, கிளாசைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அந்த நேரத்துக்கு ஆமான்னு வந்துட்ச்சு. அப்பறம் எப்டி இல்லன்றது?"

"இப்போ சொல்லு."

"சொல்லிடறேன்."

மாமா ஊருக்கு வந்தபிறகு இரண்டு மாதம் நைனாதான் தினமும் கட்டு மாற்றினார். சோப்புப் போட்டு எப்படிக் கை கழுவ வேண்டும், கிளவுஸை எப்படிக் கழற்ற வேண்டும் என்று வீடியோ காலில் காட்டினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாமாவின் பாலையும் தன் வண்டியிலேயே கொண்டு போய் ஊற்றினார். "மூணு வருசம் நீ படிச்சத உங்க நைனா மூணு நாள்ல கத்துக்கினாரு, உன்னைவிட கை மெதுவா கீது" என்று மாமா எனக்குப் போன் போட்டுச் சொன்னார். புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் வந்த அன்றைக்கு நைனா போட்டோ எடுத்து அனுப்பினார். முகத்தை விட்டுவிட்டு வெறும் கால்தான், மங்கலாக. அதை நான் அழிக்கவில்லை.

ஸ்டிக்கரையும் கிழித்துப் போட்டார். ஆனால் ஊரில் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் படிப்பை முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாகச் சேருகிறேன். போன வாரம் சாமான் எடுக்க ஊருக்குப் போனேன். மேலத் தெருப் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வலியாம். "டாக்டர் தம்பி மத்தியான பஸ்சுல வருதுன்னு சொன்னாங்க, அதான்" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். ஈசிஜி எடுத்தார்கள். வாயு என்றார்கள். அடுத்து வருகிறவருக்கும் வெறும் வாயுவாகவே இருக்கும் என்று நான் எப்படி நம்புவது?

நைனா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை நீ படிப்பாய் என்று தெரியும். எனக்கு நீ செய்ததை நான் மறக்கவில்லை. உன்னைத் தலை குனிய வைக்கவும் ஆசை இல்லை. நான் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். அந்தப் பயத்தை விடு. எனக்கு என் வேலையில் வெட்கம் கிடையாது.

வருகிற ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊரே கோயில் முன்னால் நிற்கும். மைக் இருக்கும். நானும் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பேன். நீ மைக்கை வாங்கி, என் மகன் நர்ஸ், உடம்புக்கு ஏதாவது என்றால் அவன் வருவான் என்று உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் இத்தனை வருஷம் மறைத்தாய் என்று கேட்பார்கள். அதற்கும் அங்கேயே, எல்லார் முன்னாலும், நீதான் பதில் சொல்ல வேண்டும்.