தியாகு எடுத்த சீட்டு

சக்ரபாணி சீட்டு வித்தை பழகியது பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில்தான். செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் ஏறி ராமச்சந்திராபுரத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்குவார்கள். விழித்திருப்பவர்கள் பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவார்கள். அவன் டிபன் பையை மடியில் நிறுத்தி, அதன் மறைவில் சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்வான். பஸ் குலுக்கலில் நழுவாத சீட்டு மேடையில் நழுவாது என்பது அவன் எண்ணம்.

ஊர் கும்பகோணம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்சாலையின் உலைப் பிரிவில் வேலைக்கு வந்தவன். நாலு பேர் கூடினால் அவனுக்குப் பேச்சு வராது. வந்த புதிதில் கேன்டீனில் சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் அட்டை கிழிந்த சீட்டு வித்தைப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஒருதரம் மேடை ஏறிய பிறகு, "எங்கே, ஒண்ணு காட்டுப்பா" என்று அவனை நிறுத்தாத ஆள் இல்லை. பேசத் தெரியாதவனுக்குப் பேச்சுக்குப் பதிலாக ஒன்று கிடைத்துவிட்டது.

பழகுவதற்கு அவனாக ஒரு முறை வைத்திருந்தான். ஆரம்பத்தில் வேகமாகச் செய்து பார்த்தே கையைக் கெடுத்துக்கொண்டான். வேகத்தில் செய்த தப்பு, தப்பாகவே கையில் படிந்துவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அதனால் ஒரு வித்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மட்டும் எடுத்து மிக மெதுவாகச் செய்வான். கை சோர்வதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவான். சோர்ந்த கை குறுக்குவழி தேடும். இரண்டு சீட்டை ஒரே சீட்டுப்போலப் புரட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு சீட்டைத் தான் இயல்பாக எப்படிப் புரட்டுகிறோம் என்று பல நாள் தன் கையையே வேடிக்கை பார்த்தான். பொய் மெய்யைப்போல இருக்க வேண்டுமானால் மெய் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமே.

பீரோ கண்ணாடி முன்னால் நின்றும் பழகினான். ஒருநாள் அவன் மனைவி சாவித்ரி கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துவிட்டு, "சீட்டை மறைக்கிற நேரத்துல கண்ணை மூடிக்கிறீங்க. அதான் கண்ணாடியில எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியுது உங்களுக்கு" என்றாள். சொன்னது நிஜம்தான். தன் திருட்டைத் தானே பார்க்காமல் இருக்க, அவனை அறியாமல் இமை மூடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடியைக் குறைத்துக்கொண்டு, எதிராளி முகத்தைப் பார்த்து எதையாவது கேட்டபடியே செய்யப் பழகினான். கேள்வி கேட்டால் மனுஷன் நிமிர்ந்து கண்ணைப் பார்ப்பான். அந்த நொடி கைக்குச் சொந்தம்.

ஆனால் ஒரு வித்தையை மட்டும் தனியாகப் பழக முடியாது. சீட்டுகளை விசிறிபோல விரித்து, எதை வேண்டுமானாலும் எடு என்று நீட்டுவது. எடுப்பவன் தன் இஷ்டப்படி எடுத்ததாக நினைத்திருக்க, நாம் நினைத்த சீட்டையே அவன் எடுக்க வைப்பது. சுண்டுவிரல் நுனியால் அந்தச் சீட்டுக்கு அடையாளம் வைத்துக்கொண்டு, எதிராளியின் விரல் வந்து சேரும் கணத்தில் அது விரலடியில் இருக்கும்படி விசிறியை நகர்த்த வேண்டும். அதற்கு வேறொருவரின் கை வேண்டும். அந்தக் கைக்கு விஷயம் தெரியக் கூடாது. தெரிந்தால் தயங்கும், தயங்குகிற கையில் பழகிப் பயனில்லை. அதனால் சக்ரபாணி யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸில் கூட வரும் எல்லோரிடமும் பழகினான். "சும்மா ஒண்ணு எடுங்க" என்பான். எடுத்ததும், என்ன சீட்டு என்றுகூடக் கேட்காமல் வாங்கிச் செருகிக்கொள்வான். யார் கை சட்டென்று நீளும், யார் ஓரத்துச் சீட்டைத் தேடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

உலைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய இரும்பு உருளைகளை நாள்கணக்கில் ஒரே சூட்டில் வைத்திருக்கும் உலை அது. பண்டிகை என்று அணைக்க முடியாது. தீபாவளியன்று யாராவது ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் சின்னவர்கள் தலையில் கட்டுவார்கள், அல்லது பெரியவர்கள் நைச்சியமாகப் பேசி மாற்றிக்கொள்வார்கள். வருஷா வருஷம் மனஸ்தாபம். பிரிவில் மூத்தவரான சாம்பசிவம்தான் அதற்கு ஒரு முடிவு கட்டினார். ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்பது. எவருக்குச் சின்னச் சீட்டோ அவர் வர வேண்டும். விலக்குக் கிடையாது, மாற்றிக்கொள்வதும் கிடையாது. சீட்டைக் கலைத்து நீட்டும் பொறுப்பு இயல்பாகச் சக்ரபாணியிடம் வந்தது. அந்த நேரத்தில் அவன் வித்தை எதுவும் செய்ததில்லை. மேடை வேறு, இது வேறு என்று வைத்திருந்தான். கடந்த இரண்டு தீபாவளியும் சாம்பசிவத்துக்கே விழுந்தது. அவர் முகம் சுளிக்காமல் வந்து உலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் தியாகு என்ற இளைஞன் பிரிவுக்குப் புதிது. ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தலைதீபாவளி. மனைவி பாமாவின் வீடு மாயவரம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்தாகிவிட்டது, மோதிரம் செய்யக் கொடுத்தாகிவிட்டது. தியாகுவும் செகந்திராபாத் ஸ்டேஷனில் கால்கடுக்க நின்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். இந்த ஒரு வருஷம் அவனை விட்டுவிடலாம் என்று சாம்பசிவமே சொல்லிப் பார்த்தார். அவன்தான், வந்த முதல் வருஷமே தனக்கென்று தனிச் சட்டம் வேண்டாம் என்றுவிட்டான்.

டீ நேரத்தில் கருவிகள் வைக்கும் பெஞ்சைச் சுற்றி நால்வரும் கூடினார்கள். நாலாமவன் துரைராஜ், அவன் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். சக்ரபாணி சீட்டைக் கலைத்தான். கலைக்கும்போதே கிளாவர் ரெண்டு, கட்டிலேயே சின்னச் சீட்டு, எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ள அவன் முயலவில்லை. பழகிய கண்ணுக்கு அது தானாகத் தெரிந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதுவரை பழகியதெல்லாம் எதுவும் போகாத இடத்தில். உண்மையாகவே ஒருவனுக்கு ஒன்று போகுமென்று இருக்கும்போது இந்தக் கை நடுங்காமல் நிற்குமா? செய்து பார்த்துவிட்டு உடனே சொல்லிவிடலாம், எல்லோரும் சிரிப்பார்கள், மறுபடி கலைக்கலாம்.

தியாகுவைப் பார்த்து, "பாமா ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியாச்சா?" என்று கேட்டான். தியாகு நிமிர்ந்து சிரித்தபடி கையை நீட்டினான். கிளாவர் ரெண்டு அவன் விரலடியில் போய் நின்றது.

கை நடுங்கவில்லை.

தியாகு சீட்டைத் திருப்பிப் பார்த்தான். காதோரம் சிவந்தது. பிறகு, "நம்ம கைராசி அப்படி. பரவாயில்ல அண்ணே" என்று சீட்டைப் பெஞ்சில் வைத்தான். சொல்ல வேண்டிய இடம் அது. சக்ரபாணி வாயைத் திறந்தான். அதற்குள் துரைராஜ் தன் சீட்டை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். சாம்பசிவம் தியாகுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். சூப்பர்வைசரிடம் பெயர் சொல்லத் துரைராஜ் போயாயிற்று. சக்ரபாணியின் மனசுக்குள் எங்கோ, தீபாவளிக்கு நாம் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு சின்ன நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அவன் வாயை மூடிக்கொண்டு சீட்டை அடுக்கினான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவன் கட்டை எடுக்கவில்லை. அந்த நிம்மதியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான். பழகிப் பார்ப்பதற்காகச் செய்தது என்றால் அது ஏன் வந்தது? தியாகுவை ஏன் தேர்ந்தெடுத்தான்? சாம்பசிவம் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் யோசிப்பவர். துரைராஜ் எப்போதும் ஓரத்தில் எடுப்பவன். சொன்னதும் கையை நீட்டுகிறவன் தியாகு ஒருவன்தான். நம்புகிறவனிடம்தான் இந்த வித்தை சுலபமாகப் பலிக்கும்.

ராத்திரி வீட்டில் சாவித்ரி ரவா உருண்டைக்கு நெய் உருக்கிக்கொண்டிருந்தாள். தியாகு வீடு திரும்பிச் சொன்ன பிறகு வெளியே வந்த பாமாவை மார்க்கெட்டில் பார்த்தாளாம். அழவில்லையாம், ஆனால் மாயவரத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாளாம். "மாப்பிள்ளை வராத தலைதீபாவளிய அவங்க வீட்டுல எப்படிச் சொல்லிக்குவாங்க, பாவம்" என்றாள். மறுநாள் வேலை முடிந்ததும் தியாகு ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறான் என்றும் சொன்னாள். ரத்து செய்துவிட்டால் தீபாவளி சமயத்தில் மறுபடி இடம் கிடைக்காது.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சாம்பசிவத்திடம் போய், தியாகுவுக்குப் பதில் தானே வருவதாகச் சொல்லிப் பார்த்தான். அவர் ஒப்பவில்லை.

"இன்னிக்கு நீ நல்லெண்ணத்துல மாத்திக்குவே. நாளைக்கு ஒரு பெரியவன் கேட்டா, சின்னவன் மாட்டேன்னு சொல்ல முடியுமா? சீட்டுதான்னு சொன்னா சீட்டுதான்யா."

உண்மையைச் சொன்னால்தான் தியாகு ஊருக்குப் போக முடியும் என்றாகிவிட்டது. சொன்னால் என்னென்ன போகும் என்று காலை முழுவதும் சூட்டுமானியைப் பார்த்தபடி யோசித்தான். கேன்டீனில் இனி யாரும் அவனைக் கூப்பிட்டு நிறுத்த மாட்டார்கள். அது போகட்டும். இதற்கு முன்னால் நேர்மையாகக் கலைத்த சீட்டெல்லாம் என்ன ஆகும்?

டீ நேரம் வந்தது. சொல்வதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் கட்டை எடுத்தான். தியாகுவிடம் நீட்டி, ஒன்று எடுக்கச் சொன்னான். தியாகு எடுத்தான். கிளாவர் ரெண்டு. "அடப்பாவி, இது என்னை விடாது போலிருக்கே" என்று சிரித்தான். சக்ரபாணி அதை வாங்கி உள்ளே செருகி, கலைத்து, மறுபடி நீட்டினான். மறுபடி அதே கிளாவர் ரெண்டு. தியாகு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் பாதிச் சிரிப்பு. அடுத்த தடவை எடுத்த சீட்டை அவன் திருப்பவே இல்லை. பெஞ்சின் மேல் கவிழ்த்தபடி வைத்துவிட்டுச் சக்ரபாணியைப் பார்த்தான்.

"நேத்தும் இப்படித்தானா அண்ணே?"

"ஆமா."

"எங்க மூணு பேர்ல என்னை ஏன்?"

"நீ உடனே கையை நீட்டுவே."

துரைராஜ்தான் ஊர் உருது கலந்து பேசினான். "கைக்கு பாய், ஏன் இப்படிப் பண்ணே? புதுசாக் கல்யாணம் ஆன பையன்." பழகிப் பார்க்கத்தான் செய்தேன், உடனே சொல்வதாக இருந்தேன் என்று சக்ரபாணி சொன்னான். சொல்லும்போதே அது காதில் எப்படி விழுகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. மறுபடி கலைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம், தீபாவளிக்கு நான் வருகிறேன் என்றான். துரைராஜ் கட்டைச் சுட்டிக்காட்டி, "நக்கோ, வேணாம், முதல்ல அதை உள்ள வை" என்றான்.

தியாகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, டிக்கெட் இன்னும் கையில்தான் இருக்கிறது, பாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று சாம்பசிவத்திடம் சொன்னான். சக்ரபாணியிடம் நன்றியும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. உலைப் பக்கம் போய்விட்டான்.

துரைராஜும் போன பிறகு சாம்பசிவம் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் கவிழ்த்து வைத்தார்.

"போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்?"

"இல்ல சார். அந்த ரெண்டு தரமும் சத்தியமா இல்ல. நேத்துக்கு முந்தி சீட்டு எடுக்கிறப்ப நான் வித்தை செஞ்சதே கிடையாது."

அது உண்மை. அதை நிரூபிக்க அவனிடம் ஒரு வழியும் இல்லை. நேற்று வரை அதற்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

சாம்பசிவம் தலையாட்டினார். நம்பித் தலையாட்டினாரா, கேட்டுக்கொண்டேன் என்று தலையாட்டினாரா என்று தெரியவில்லை.

"என்கிட்ட பழகினதே இல்லையா நீ?"

"பஸ்ஸுல பழகியிருக்கேன் சார். அடிக்கடி" என்றான் சக்ரபாணி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பழையபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"பஸ்ஸுல பழகினதே எனக்குத் தெரியலையேப்பா" என்றார்.