ஸ்வெட்டர் நிறத்தில் ஒரு லில்லி

டே லில்லிப் பூக்களைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டவன் எவனோ, அவன் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. பூவை மட்டும்தான் பிடித்திருந்தான். திரை முழுக்க இதழும் மகரந்தமும். செடி எப்படி இருக்கும் என்று காட்ட அவனுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. சர்ச்சுக்குக் கீழே சரிவில் கல்லறைத் தோட்டம். அவளுடையது சின்னக் கல்லறை. தலைமாட்டில் சிலுவை, சுற்றிலும் சிமென்ட் விளிம்பு, நடுவில் மண். அந்த மண்ணில் என் மனைவி ரோஜா வைத்தாள், பனியில் கருகியது. டேலியா வைத்தாள், மழையில் அழுகியது. நான் வேலை பார்த்த விடுதிக்கு வந்த ஓர் அம்மா, டே லில்லி எந்தக் குளிரையும் தாங்கும், ஒருமுறை வைத்தால் போதும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்னேன். இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு ரோடு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஒரு சாயங்காலம் போனோம். அவள் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மகளின் ஸ்வெட்டர். பழுத்த பப்பாளியின் நிறம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மேகமூட்டத்தில் முதலில் அந்த நிறம்தான் தெரியும், பிறகுதான் பிள்ளை தெரிவாள்.

படங்கள் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கின. ஒவ்வொன்றும் முழுசாவதற்குள் பொறுமை போய்விடும். அவள் ஸ்வெட்டரின் கையைத் திரையோரம் வைத்து வைத்துப் பார்த்தாள்.

“இது இல்லங்க. செவப்பு தூக்கலா இருக்கு.”

“இது?”

“ம்ஹூம். வெளிறிக் கெடக்கு.”

பக்கத்தில் இருந்தவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். துணிக்கு மேட்சாகப் பூ வாங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒரு படம் இறங்கியதும் அவள் கை அப்படியே நின்றது. அதே நிறம். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னேன்: ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் இருக்கும். அவள் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“ஒரு நாளாச்சும் இருக்கட்டுமே,” என்றாள்.

பெங்களூரிலிருந்து கிழங்குகள் பார்சலில் வந்தபோது நல்ல மழைக்காலம். நெஞ்சுச்சளி முற்றி அவள் படுத்த படுக்கையாக இருந்தாள். நானே போய் நட்டேன். பிறகு ஒரு நாள் “மொளச்சிருச்சு” என்று வந்து சொன்னபோது, அந்த ஒரு வருடத்தில் பார்க்காத தெளிச்சி அவள் முகத்தில் வந்தது. இலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. எங்கள் மலையில் லில்லி என்றால் ஓடையோரம் அகல அகலமாய் இலை விட்டு நிற்கும். அவள் மனதில் அதுதான் இருந்திருக்கும்.

கல்லறைத் திருநாள் நெருங்கினால் எல்லாக் குடும்பமும் போய்ப் புல் செதுக்கி வெள்ளையடிப்பது வழக்கம். அந்த வருடம் விடுதியில் விடுமுறைக் கூட்டம், என்னால் நகர முடியவில்லை. உடம்பு தேறியிருந்த அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தாள்.

திருநாள் சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு இருவரும் இறங்கினோம். தூரத்திலேயே எங்கள் கல்லறை பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மண் மெழுகிவிட்டது போல் கிடந்தது.

“வெள்ளனே வந்து பாக்கேன், புல்லா மண்டிக் கெடக்கு. பிள்ள மேல இம்புட்டுப் புல்லான்னு அடிவயிறு எரிஞ்சிருச்சுங்க. ஒரு வேர் விடாமப் பறிச்சிட்டேன்.”

சுவரோரம் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். புல்லோடு புல்லாக, புல் போலவே நீண்டு மெலிந்த டே லில்லி இலைகள், அடியில் பாதி கருகிய கிழங்குகள். ஆண்டவரே, இதை நான் எந்த வாயால் சொல்வேன்?

“லில்லிய எங்கங்க வச்சீங்க? ஒரு எலையக்கூடக் காணோமே?”

“குளிருக்கு மண்ணுக்குள்ள அடங்கிருச்சு. வெயில் வந்தா வரும்.”

“எடத்தக் காட்டுங்க.”

வெறும் மண்ணில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதன் அருகே ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சூடு படாத தூரத்தில், பிள்ளையின் கால்மாட்டில் நட்டாள்.