நடுங்கி கட்டிய கயிறு

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் நடுங்கி. டிராக்டரோ வேனோ லாரியோ, எதன் வயரிங் கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து குனிந்து வேலையைத் தொடங்கியதும் யாராவது ஒருவர் பின்னால் போய்த் தகரத்தைத் தட்டுவார். இவர் துள்ளி விழுவார். சுற்றி நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நாயைக் கண்டால் பயம், லிஃப்டில் ஏறப் பயம், எல்லாவற்றுக்கும் மேல் என் அண்ணனிடம் பயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் அவர் பேசிய ஒரே வசனம் "சரிங்க மச்சான்". கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையிலும் அதே கதைதான். பாட்டரியின் எர்த்து வயரைக் கழற்றாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டார். யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடக் கூடாதென்று, கழற்றிய நட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டுவார். பிறகும் மனசு கேட்காமல் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அண்ணனுடைய டிராக்டர் பழசு, சின்னது. எலி வயரைக் கடித்துவிட்டது என்று ஆள் அனுப்பியிருந்தார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் இவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கொட்டகையில் வண்டியின் மூடியைத் திறந்து, எர்த்து வயரைக் கழற்றி நட்டைப் பையில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எல்லா வயரும் சிவப்பு. வீட்டில் ஒரு சுருள் சிவப்பு வயர் கிடந்ததாம். எலி கடிக்கக் கடிக்க அண்ணன் அதையே வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார். எது எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"இது எப்படி மச்சான் ஸ்டார்ட் ஆகுது?"

"சாவிக்குச் சில நாள் ஆகும், சில நாள் ஆகாது. ஆகலேன்னா கீழ நின்னு ஸ்டார்ட்டர் மோட்டார்ல இருக்கிற ரெண்டு நட்டையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்து ஒரு தொடு தொடுவேன். அப்பப்ப வண்டி கன்னுக்குட்டி மாதிரி துள்ளும். நான் கையை எடுத்துடுவேன்."

அண்ணன் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பையிலிருந்த நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் வரை வயர் வயராகப் பிரித்து, கலர் கலராகப் புது வயர் போட்டு, எர்த்தை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சின்ன பல்பை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். கியர்ப் பெட்டியின் மேலிருக்கும் ஸ்விட்சில் வந்து பல்பு அணைந்தது. கியர் எதிலும் மாட்டாமல் நியூட்ரலில் இருந்தால்தான் அந்த ஸ்விட்ச் கரண்டை விடும். கியர்க் குச்சியோ நடுவில்தான் நின்றது. அண்ணன் அதைப் பிடித்து ஆட்டிக் காட்டினார், லொடலொடவென்று ஆடியது.

"நியூட்ரல்லதான இருக்கு? அப்ப ஸ்விட்சுதான் போச்சு. அந்த ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி விடுங்க மாப்பிள்ளை. பொழுது சாயறதுக்குள்ள உழுதாகணும்."

"சரிங்க மச்சான்."

சொல்லிவிட்டு வெளியே குழாயடிக்குப் போனவர் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னங்க, தோலையும் உரிச்சிடப் போறீங்களா?"

"ஸ்விட்ச் கெட்டிருந்தாப் பரவாயில்லம்மா. கெடாம இருந்தா?"

"புரியற மாதிரி சொல்லுங்க."

"குச்சி தேஞ்சு போயிருக்கு. அது நடுவுல நின்னாலும் உள்ள கியர் மாட்டிக்கிட்டு நின்னா? அதனாலதான் அந்த ஸ்விட்ச் விடலைன்னா? உங்க அண்ணன் எங்க நின்னு தொடுறாரு பாத்தியா? பெரிய சக்கரத்துக்கு முன்னாடி. இன்ஜின் பிடிச்சிதுன்னா அவர் மேலேயே ஏறிடும்."

"போய் அவர்கிட்டயே சொல்லுங்களேன்!"

"பயமா இருக்கு."

"எதுக்கு? வண்டிக்கா, அண்ணனுக்கா?"

"ரெண்டுக்கும்."

ஆனாலும் உள்ளே போனார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, அச்சுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். பெரிய சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. முன்சக்கரங்களுக்கு முட்டுக் கல் கொடுத்தார். இன்ஜினை அணைக்க இழுக்கும் குமிழில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கொட்டகை வாசலில் என் கையில் கொடுத்தார்.

"நான் கத்தினா இழு."

"ஸ்டார்ட் பண்றதுக்கு இவ்வளவு ஜோடனையா மாப்பிள்ளை?" அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு வழக்கமான இடத்தில் போய்க் குனிந்தார்.

"மச்சான், அங்க நிக்காதீங்க!"

குரல் பாதியில் உடைந்து கீச்சென்று வந்தது. அண்ணன் முறைத்தார். இவர் உடம்பு முழுக்க வெடவெடத்தது, ஆனால் நகரவில்லை. "நகருங்க மச்சான். உங்க கால்ல வேணா விழறேன்." அண்ணன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தார்.

ஸ்டார்ட்டர் நட்டுகள் இரண்டிலிருந்தும் நீள வயர்களை இழுத்து வந்து, இவர் எட்ட நின்று அவற்றின் நுனிகளைச் சேர்த்துத் தொட்டார்.

இன்ஜின் உறுமிய அதே நொடியில் பின்சக்கரங்கள் இரண்டும் சுழலத் தொடங்கின. குச்சி அப்போதும் நடுவில் நின்று சோம்பேறித்தனமாக ஆடிக்கொண்டிருந்தது. டயரிலிருந்த மண்கட்டிகள் சுவரில் போய் அறைந்தன. வண்டி கட்டைகளின் மேல் குலுங்கியது, ஒரு கட்டை மெல்ல நழுவியது. இவர் கத்தினார். எனக்குக் கேட்டது, கை வரவில்லை. அந்தச் சக்கரம் தரையைத் தொட்டால் நேராக எங்களிடம்தான் வரும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. அவர் இரண்டாம் தடவை கத்தியபோது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

இன்ஜின் அடங்கியது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது.

அண்ணன் பேயறைந்தவர் மாதிரி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு முன்னால் அவர் நின்று நின்று மண் பள்ளமாகியிருந்தது. சாவிக்கு ஆகாத நாளெல்லாம் அவர் குனிகிற இடம். இவர் எர்த்து வயரைக் கழற்றினார். நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்துப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார்.

இன்ஜின் சத்தம் கேட்டு, வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்து அண்ணி டீ டம்ளர்களோடு பின்வாசல் வழியாக வந்தார். தினமும் அண்ணன் வண்டி எடுக்கும்போது டீ கொண்டு வருகிறவர்தான். தினமும் போலவே நேராக அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, டம்ளரை நீட்டினார்.

"அங்க நிக்காத!"

அண்ணன் அலறினார். இன்ஜின் அணைந்திருந்தது, பாட்டரி கழன்றிருந்தது, நட்டு என் வீட்டுக்காரர் பையில் இருந்தது. இருந்தும் அண்ணன் ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். டம்ளர்கள் தரையில் விழுந்து உருண்டன.

அந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் துள்ளி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.