ஊசியக்கா எடுத்த ஜெபச் சீட்டு

இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சொந்தப் பெயர் மறந்துபோய், சபையில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. போதகருக்கே ஊசி போட்டவள்; அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சங்கீதம் சொன்ன கதையைச் சிரிக்காமல் சொல்வாள். ரத்தத்துக்குப் பயப்படாதவள் பயந்ததெல்லாம் சபைக்குத்தான். கணவர் சபை வண்டியின் டிரைவர். குடியிருந்த வீடும் சபையுடையது.

புதன்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம், வீடு வீடாக மாறி மாறி நடக்கும். வேண்டுதல்களைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுவார்கள். ஆளுக்கொன்று எடுத்து, முறை வரும்போது வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அந்தப் புதன் அவள் எடுத்த சீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் அச்சடித்தாற்போன்ற கையெழுத்து: ‘சலவைக்கடைச் சகோதரியின் மகன் இன்னொரு ஆணோடு வாழ்கிறான். ஞாயிறு ஆராதனையில் அவன்மேல் கைவைத்து ஜெபிக்கும்போது அந்த ஆவி ஓடவேண்டும்.’

சலவைக்கடைக்காரி எதிரில்தான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன், இப்படி மூன்று சபைகளில் கைவைத்து ஜெபிக்கப்பட்ட ஒரு பையனை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். மாத்திரையை விழுங்கியிருந்தான். நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றவள் இவள். அன்றிலிருந்து அவளுடைய ஜெபமே வேறு. அது ஆண்டவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பக்கத்திலிருந்த டெய்லரம்மா முழங்கையால் இடித்தாள். “என்னக்கா, சீட்டையே பார்த்துட்டு இருக்கீங்க? என்னோடது வெறும் மூட்டுவலிதான். மாத்திக்கிறீங்களா?”

மாற்றிவிடலாம். டெய்லரம்மா சளைக்காமல் கால்மணி நேரம் ஆவியை விரட்டுவாள். ஊசியக்கா சீட்டை நீட்டியும்விட்டாள். பிறகு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

முறை வந்ததும், “ஆண்டவரே,” என்றாள். “இந்தப் பிள்ளையை நீர்தான் இப்படிப் படைச்சீர். அவன்கிட்ட விரட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்படி ஜெபம் பண்ணிப் பண்ணியே ஒரு பையனை மாத்திரை முழுங்க வச்சாங்க. நான் பார்த்தேன். எங்க வாயைக் கட்டும். இந்தப் பிள்ளையைக் காப்பாத்தும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த வாரம் உங்க வீட்டுல கூட்டம் வேண்டாம்மா,” என்றார், மார்க் போடுகிற குரலில். “உங்க வீட்டுக்காரரைப் போதகர் கூப்பிட்டுப் பேசுவார்.”

ஊசியக்காவால் அங்கே இருக்க முடியவில்லை. மாடிப்படியில் செருப்பைத் தேடினாள். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் கணவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? பின்னாலேயே சலவைக்கடைக்காரி வந்துவிட்டாள்.

“நல்லா மானத்தை வாங்கிட்டீங்க. இனிமே நான் சபையில எப்படித் தலைகாட்டுவேன்?”

“மன்னிச்சிருங்க.”

சலவைக்கடைக்காரி நகரவில்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: “அந்தப் பையன் பொழைச்சானா?”

“பொழைச்சான். ஆனா அம்மாவைப் பார்க்கவே மாட்டேன்னுட்டான்.”

சலவைக்கடைக்காரி படியிலேயே உட்கார்ந்து பையைத் துழாவிப் போனை எடுத்தாள். மகன் பெயரைக் காட்டி நீட்டினாள். “நீங்களே போட்டுக் குடுங்கக்கா.”

மேலே நாற்காலிகளை மடக்கும் சத்தம். எல்லோரும் இறங்கப்போகிறார்கள். ஊசியக்கா எண்ணை அழுத்தினாள்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ வராதப்பா,” என்றாள் தாய். “கோவமெல்லாம் இல்ல. நானே அங்க வர்றேன். ரெண்டு பேரும் வீட்டுல இருங்க.”

அவள் பேசி முடிக்கிறவரை ஊசியக்கா படியை மறித்துக்கொண்டு நின்றாள்.