சீட்டுப் போடுகிறவன் கை

எங்கள் வீட்டு மாப்பிள்ளை காம் ஹொய் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது ஒரு காரியம் செய்வான். இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டுவான். விரல்களை விரித்து உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டுவான். அப்புறம்தான் மேசையை விட்டு நகர்வான். அவனுக்கே தெரியாமல் நடக்கிற காரியம் அது. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த அவன் பெண்டாட்டி, என் தங்கை புய் லிங், விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு பருக்கை மிச்சம் வைக்கலையாம், துரை காட்டிட்டுப் போறாரு" என்று அதற்கு ஒரு விளக்கமும் சொன்னாள். அவன் மறுத்துப் பேசவில்லை, சிரித்துக்கொண்டான்.

மகள் லொக் லொக் பிறந்து, கை தட்டத் தெரிந்ததுமே புய் லிங் அவளுக்கும் அதைப் பழக்கிவிட்டாள். பாதாம் பிஸ்கட் வேண்டுமா, தட்டு, திருப்பிக் காட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் குழந்தை செய்துகாட்ட வேண்டும். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஒரே ஒரு தடவை, "வேண்டாமே, விட்டுடு" என்று காம் ஹொய் சொன்னது என் காதில் விழுந்தது. "உன் மக உன்னை மாதிரி செய்றா. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கணுமா?" என்று இவள் கேட்டாள். அதோடு அவன் விட்டுவிட்டான். என் தங்கைக்கு வாய் நீளம். எனக்கு அதைவிட நீளம், அதனால் நான் ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

காம் ஹொய் காசினோவில் சீட்டுப் போடுகிறவன், சூதாட்ட மேசையில் நின்று ஆடுகிறவர்களுக்குச் சீட்டுக்கட்டைப் பிரித்துக் கொடுக்கிற வேலை. எங்கள் மக்காவுவில் தெருவுக்கு நாலு பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். கௌரவமான வேலை, நல்ல சம்பளம். ஒரே ஒரு சங்கடம், வேலை இல்லாத நேரத்தில் அவர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் போகலாம். ஆனால் ஊரே வந்து குவிகிற அந்த மூன்று நாளில் சீட்டுப் போடுகிறவனுக்கு எவன் விடுப்புக் கொடுப்பான்? அதனால் தன் புருஷன் வேலை செய்கிற இடத்தை புய் லிங் பார்த்ததே இல்லை. தனியாகப் போய்ப் பார்த்திருக்கலாம். மாட்டேன், அவனோடு வந்துதான் பார்ப்பேன், அவனே காட்ட வேண்டும் என்று வருடக்கணக்காகப் பிடிவாதம்.

இந்தப் புத்தாண்டில் அவனுக்கு இரண்டாம் நாள் விடுப்பு கிடைத்தது. பெண்கள் தாய்வீட்டுக்குப் போகிற நாள் அது. அம்மா போன பிறகு என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. காலையிலேயே லொக் லொக்கை என் கஞ்சிக் கடையில் விட்டுவிட்டு, சிவப்பு ஸ்வெட்டரும் புதுச் செருப்புமாகப் புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவோம் அக்கா. இன்னிக்கு நாங்களும் டூரிஸ்ட்" என்றாள். இனி நான் சொல்வது, அன்று ராத்திரி என் சமையலறையில் நின்றுகொண்டு அவள் சொன்னது.

பாலம் தாண்டி பஸ்ஸில் போனார்கள். காசினோத் தெருவில் வெளிநாட்டுக் கோபுரம் மாதிரி கட்டிவைத்திருக்கிற இரும்புக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே மழை தூறியது, அவன் வேலை செய்கிற காசினோ கட்டடத்துக்குள்ளே கூரையில் தீட்டிய நீல வானம். அதற்குக் கீழே கால்வாய், படகு, பாடுகிற படகோட்டி. புய் லிங் முட்டை டார்ட்டைக் கடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். "இங்க மேகத்தைக் கூட வாடகைக்குப் பிடிச்சு வச்சிருக்கான்" என்றாள். காம் ஹொய் வாய்விட்டுச் சிரித்தான். படகுச் சீட்டு வாங்கினான். அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதானாம், மத்தியானம் வரைக்கும்.

படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. "வா, நீ நிக்கிற மேசையைக் காட்டு" என்றாள்.

"அங்க பாக்க என்ன இருக்கு? மேசை, சீட்டு, கூட்டம்."

"உன்னைப் பாக்கணும்."

"நான்தான் இங்க இருக்கேனே."

"என்னைக் கூட்டிட்டுப் போக உனக்கு வெக்கமா இருக்கா?"

அவன் முன்னால் நடந்தான். அவன் வெட்கப்பட்டது அவளை நினைத்து இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அவன் வழக்கமாக நிற்கிற மேசையில் அன்று சியு யிங் என்ற சின்னப் பெண் நின்றாள். காம் ஹொய்தான் அவளுக்கு வேலை பழக்கியவனாம். அவள் இவனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். விளையாடிக்கொண்டிருந்த தடியன் ஒருவன் சீட்டை ஓரமாக மடித்து, ஊதி, கெஞ்சிப் பார்த்துத் திறந்தான். தோற்றுவிட்டான். சீட்டை இரண்டாகக் கிழித்து அந்தப் பெண்ணின் முகத்தில் எறிந்தான்.

"புது வருஷமும் அதுவுமா இந்த எழவு மூஞ்சியையா நிறுத்துவாங்க? உன் கை விளங்குமா?"

சியு யிங் கன்னத்தில் பட்ட சீட்டைப் பொறுக்கி எடுத்துவைத்தாள். சிரித்தாள். "அடுத்த ஆட்டம் உங்களுக்கு நல்லா வரட்டும் சார்" என்றாள். புய் லிங்குக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்குப் போகத் திரும்பியவளின் முழங்கையை காம் ஹொய் பிடித்துக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், அதே சிரிப்பு. அவள் கத்தும்போதெல்லாம் வீட்டில் அவன் சிரிக்கிற சிரிப்பு.

அதற்குள் அவள் இடத்தில் சீட்டுப் போட அடுத்த ஆள் வந்து நிற்க, சியு யிங் விலகினாள். விலகும் முன் இரண்டு கைகளையும் தட்டினாள். விரல்களை விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

என் தங்கை பக்கென்று சிரித்துவிட்டாள். "ஏய், நம்ம லொக் லொக் வித்தை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். கண் கலங்க நின்ற அந்தப் பெண் திரும்பி இவளைப் பார்த்தாள்.

கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் புய் லிங் கேட்டாள். "அவ யாருக்குக் காட்டினா?"

"மேல கேமரா இருக்கு."

"எதுக்கு?"

"கையில எதையும் ஒளிச்சு எடுத்துட்டுப் போகலைன்னு தெரியணும்ல. மேசையை விட்டு எப்ப நகர்ந்தாலும் காட்டணும். மூக்கைச் சொறிஞ்சாலும் காட்டணும்."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சிரிச்ச" என்றான். அப்புறம், "குழந்தையும் சிரிச்சா" என்றான்.

சீட்டு வாங்கிவிட்டார்களே என்று படகில் ஏறினார்கள். படகோட்டி அவர்களுக்காகக் காதல் பாட்டுப் பாடினான். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் காது மடல் வரை சுட்டதாம்.

இதெல்லாம் தெரியாமல் இங்கே நான் மீன் வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்ததும் என் புருஷன் புத்தாண்டுப் பணம் வைத்த சிவப்பு உறையை எடுத்துக் குழந்தைக்கு நீட்டினார். கெட்டிக்காரி, யாரும் சொல்லாமலே தட்டினாள், விரல்களை விரித்தாள், திருப்பிக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல ஆரவாரம் செய்தோம். புய் லிங் பாய்ந்து வந்து குழந்தையின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"காட்டாதே. இனிமே யாருக்கும் காட்டக் கூடாது."

லொக் லொக் வீறிட்டு அழுதாள். நேற்று வரை முத்தம் கொடுத்த காரியத்துக்கு இன்று ஏன் திட்டு என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? "நல்ல நாளும் அதுவுமா பிள்ளையை அழ வைக்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் கத்தினேன். அவள் சமையலறைக்குள் ஓடினாள். பின்னாலேயே போனேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். என்னால் ரகசியமாகக் கேட்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் "என்னது?" என்று கூவினேன். எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது. மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்தோம். மீன் நன்றாக இருப்பதாக என் புருஷன் மட்டும் இரண்டு தடவை சொன்னார். காம் ஹொய் லொக் லொக்கை மடியில் வைத்து முள் எடுத்து ஊட்டினான். ஊட்டி முடித்து, குழந்தையை இறக்கிவிட்டு, எழுந்தான்.

அவன் கைகள் தாமாக உயர்ந்தன. தட்டுவதற்கு முன்னால் பாதியில் நின்றுவிட்டன. அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். நாங்கள் அத்தனை பேரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். நான் இனிப்புத் தட்டை நீட்டினேன். எங்களைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தான். கையை வெளியே எடுக்கவில்லை.