பன்னிரண்டு நிமிட வானம்

ஆர்லிஸுக்குப் பேச்சு திக்கும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் சமைத்தவள். பிள்ளைகளிடம் தலையசைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

கணவன் ட்வைட் அமெச்சூர் ரேடியோ பைத்தியம். கையடக்க ரேடியோவும் மீன்முள் போன்ற ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு, வானத்தில் கடந்துபோகும் சின்னச் செயற்கைக்கோள் வழியாக ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர்களோடு பேசுவான். அவன் நச்சரிப்பு தாங்காமல் அவளும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். ஆனால் ஒருநாளும் பேசியதில்லை.

"பாதி அமெரிக்கா கேக்கும். நான் திக்குறத நீ மட்டும் கேட்டாப் போதும்" என்பாள்.

யாருமே பேசியிராத இடத்திலிருந்து பேசினால் எதிர்முனைக்காரர்களுக்குப் புது இடம் ஒன்று கணக்கில் ஏறும், கொண்டாட்டம். அதற்காகவே அந்த ஜூன் மாதம் ஒரு பொட்டல் மேட்டுக்கு அவளையும் பிக்கப் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். முந்தின நாள் மழையில் களிமண் பசையாகிக் கிடந்தது. பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. அண்டைகொடுக்க ட்வைட் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் கிலுகிலுவென்று சத்தம். கையை இழுப்பதற்குள் கிலுகிலுப்பைப் பாம்பு கொத்திவிட்டது.

அரைமணியில் கை முழங்கைவரை வீங்கிக் கருத்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நெடுஞ்சாலை பதினேழு மைல்.

"சா-சாட்டிலைட் எப்ப?" என்றாள்.

"ரெண்டு பத்துக்கு. பன்னெண்டு நிமிஷந்தான் வானத்துல இருக்கும். நீதான் பேசணும், என் நாக்கு தடிச்சுப்போச்சு."

"எ-என்னால முடியாது, ட்வைட்."

"அப்ப என்னைப் புதைக்க நல்ல பாதிரியாரா ஒருத்தரப் பாத்து வை." சிரிக்கப் பார்த்தவன் வாந்தியெடுத்தான்.

இருபது நிமிடம் கடிகாரத்தையும் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பத்துக்கு இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள் எழும்பின. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். ரேடியோ பொத்தானை அழுத்தி 'மேடே' என்ற அபாய அழைப்பைக் கூவப் பார்த்தாள்.

"மே... மே... மே..."

"யாருப்பா அது, ஆட்டைக் கூட்டிட்டு வந்தது?" யாரோ சிரித்தான்.

பொத்தானை விட்டுவிட்டாள். பக்கத்தில் ட்வைட்டின் கண்கள் மேலே செருகின. மறுபடி அழுத்தினாள்.

"பா-பாம்பு கடிச்சிருச்சு. எ-என் புருஷன். ந-நாங்க தனியா இருக்கோம்."

உடனே ஒருவர் குறுக்கிட்டார்: "எல்லாரும் வாயை மூடுங்க. நான் கான்சஸ்லருந்து ரோஸ்கோ பேசறேன். அவசரப்படாதீங்கம்மா. எங்க இருக்கீங்க?"

ஜி.பி.எஸ். எண்களைப் படித்தாள். ஒவ்வோர் எண்ணையும் நாலைந்து தடவை தொடங்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு எண்கள் பாக்கி இருக்கையில் ரோஸ்கோவின் குரல் தேய்ந்து, இரைச்சல் மட்டும் மிஞ்சியது. செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. மறுபடி வர ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஆகும்.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டார்களா, கேட்கவில்லையா? காற்றில் புல் சலசலத்தாலும் இன்னொரு பாம்போ என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ட்வைட் நினைவு தடுமாறி அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

"கான்சஸ்லருந்து போன் வந்துச்சு, கடைசி ரெண்டு நம்பர் கிடைக்கல. ஒவ்வொரு மேடாப் பாத்துட்டு வரோம்மா" என்றான் இறங்கியவன்.

ட்வைட் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. ஆகஸ்டில், அடுத்த மேட்டுக்குப் போகலாமா என்று மெதுவாக ஆரம்பித்தான். ஆர்லிஸ் பிக்கப் சாவியை அவன் கைக்கு எட்டாமல் தன் சமையல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தோட்டத்துக் கற்களைக்கூட அவள் இன்றுவரை கையால் தொடுவதில்லை, கழியால்தான் புரட்டுகிறாள்.