மழைக்குழியில் விட்ட குழாய்

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கேன் தண்ணீர் போடும் சகாயசெல்வியைப் பற்றி யார் கேட்டாலும் நான் நல்லபடியாகத்தான் சொல்லுவேன். புருஷன் போன மறுவருஷமே வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, போர் இறக்கி, சுத்திகரிக்கிற மெஷின் வைத்தவள். பைப் வேலை எல்லாம் நான்தான். என் பெயர் லூயிஸ், இந்த ஊரில் முப்பது வருஷமாகப் பிளம்பர்.

அந்த மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தந்தால் ஒரு குடம் உப்புக் கழிவைத் துப்பும். சாக்கடையில் விட்டால் தெருவே சண்டைக்கு வரும். "மழைத்தண்ணி எறங்குற குழி சும்மாதானே கெடக்கு, அதுல வுட்டுடலாம்ணே. பூமிகிட்ட எடுத்தத பூமிக்கே குடுத்த மாதிரி இருக்கும்" என்றாள். எனக்கும் அது புண்ணியமாகப் பட்டது. மடையன் நான், குழாயைக் குழியில் இறக்கிவிட்டு அவள் போட்ட காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

நாலு வருஷத்தில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. போன மாதம், புதிதாகத் திறக்கும் ஒரு ஓட்டலின் மேனேஜர் பலராமன் தினம் இருநூறு கேன் கேட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து. இரண்டாவது மெஷினுக்குப் பைப் இழுக்க அன்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"ஓட்டல வுடுண்ணே, நம்ம தெருவுலயே இந்த வருஷம் பதினோரு வூடு புதுசா கேன் வாங்குது" என்று பூரித்தாள்.

எல்லார் வீட்டிலும்தான் கைப்பம்பு இருக்கிறதே! எந்தெந்த வீடு என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாமே அந்தக் குழியைச் சுற்றியுள்ள வீடுகள். உப்பு பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி, பக்கத்து வீட்டு ஜஹபர் நிஷாவின் பம்பில் ஒரு சொம்பு பிடித்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு காட்டியது. நாலு வருஷத்துக்கு முன் நானே பார்த்தபோது அறுநூறு. குழிக்கு எட்டாத தெருக்கோடிப் பம்பில் இன்றும் எழுநூறுதான்.

மீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "வியாபாரம் வளரல செல்வி. அவங்க தண்ணியில உப்பக் கொட்டிட்டு, அவங்களுக்கே தண்ணி விக்கிறோம்!" என்று கத்திவிட்டேன். பாதிக் கோபம் என்மேல்தான்.

"மாதாவே!" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். "குழாய எடுத்துட்டா?"

"கழிவு எங்க போவும்? சாக்கடை இப்பவே பொங்குது. மெஷினக் கம்மியா ஓட்டுனாதான் உண்டு."

"இது யாருக்கும் தெரியாதில்லண்ணே?"

அந்தக் கேள்வியை அவளே கேட்டது எனக்கு வலித்தது.

பதினோரு மணிக்குச் சரியாகப் பலராமன் பேப்பரோடு வந்து நின்றார். அவர் பின்னாலேயே காலி கேனோடு நிஷா.

"செல்வியக்கா, எங்க பம்புத் தண்ணிய வாயில வைக்க முடியல. மாமனாருக்கு வச்ச கஞ்சி கரிக்குது. இன்னையிலேர்ந்து எங்களுக்கும் ஒரு கேன் போடு. நீ இருக்கக்கண்டுதான் இந்தத் தெரு பொழைக்குது!"

பலராமன் பேனாவை நீட்டினார். சகாயசெல்வி அதை வாங்கவில்லை.

"நீங்க போங்க சார், என்னால முடியாது" என்றவள் நிஷா பக்கம் திரும்பினாள். "ஒங்க தண்ணியக் கெடுத்தது நாந்தான் நிஷா."

"குழாய எறக்குனது நான்" என்றேன்.

நிஷா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சகாயசெல்வி ஒரு நிறை கேனைத் தூக்கி அவளிடம் நீட்டினாள். அதைத் தொடாமல், கொண்டுவந்த காலி கேனோடு அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது.